தீவுகளும் திக்கற்ற பயணிகளும்

அரபு மொழியில் தீவுக்கு 'ஜஸீரா' என்று பெயர். 'ஜஸர' என்னும் வேர்ச்சொல்லுக்கு அறுத்தல், துண்டித்தல் என்பது பொருள். கடல் நீர் வடிந்து பின்வாங்குவதையும் அதே வேரிலிருந்து 'ஜஸ்ர்' என்பர். நிலத்திலிருந்து துண்டுபட்டு நீருக்கு நடுவில் கிடப்பதால் தீவு ஜஸீரா ஆயிற்று என அகராதியாசிரியர்கள் விளக்குகின்றனர். அதன் பன்மையாகிய 'அல்ஜஸாயிர்' என்பது வட ஆப்பிரிக்காவின் பெரியதொரு நாட்டுக்கே பெயராக நிலைத்துவிட்டது. அந்நாட்டுத் தலைநகரின் துறைமுகத்துக்கு முன்னால் கிடந்த சில சிறு தீவுகளே அப்பெயருக்குக் காரணம். சொல்லின் பொருள் துண்டிப்பு எனினும், வரலாற்றில் தீவுகள் பெரும்பாலும் இணைப்பின் இடங்களாகவே இருந்து வந்துள்ளன. நெடுந்தொலைவு செல்லும் கப்பல் குடிநீர் எடுத்ததும், காற்று திரும்பும் வரை காத்திருந்ததும், புயலில் பாய்மரம் முறிந்தபோது ஒதுங்கியதும் தீவுகளில்தான்.

இன்று மத்தியதரைக் கடலின் கரைகளில், ஒரே நாளில் மூன்று நான்கு சிறு தீவுகளைச் சுற்றிக் காட்டும் படகுப் பயணங்கள் பெருந்தொழிலாக வளர்ந்துள்ளன. காலையில் புறப்படும் படகு ஒரு தீவில் சற்று நேரம் நிற்கும், மற்றொரு தீவில் பயணிகள் நீராடுவர், வேறொன்றில் உணவு, பொழுது சாய்வதற்குள் படகு கரை திரும்பிவிடும். நம் பக்கத்திலும் இதற்கு ஒப்பான பயணங்கள் உண்டு. யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறுவோர் பலர். பாம்பனிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகில் சென்று வருவோரும் உளர். அலையும் மணலும் பவளப் பாறையும் கண்ணுக்கு இனியவை. அவற்றைக் கண்டு மகிழ்வதும், படைத்தவனின் ஆற்றலை எண்ணிப் பார்ப்பதும் நன்றே.

எனினும், ஒரு தீவின் வரலாற்றை அளப்பதற்கு நம்மிடம் வேறோர் அளவுகோலும் இருக்க வேண்டும் என எண்ணுகிறோம். கடல் உடைத்த கப்பலிலிருந்து உயிரோடு கரையேறிய அந்நியனை அந்தத் தீவு என்ன செய்தது? அவனுடைய சரக்கு யாரைச் சேர்ந்தது? அவன் விருந்தினனா, அடிமையா? இந்தக் கேள்வியோடு இரு கடல்களின் சில தீவுகளைச் சுற்றி வருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உம்மு ஹராமின் தீவும் மைமூனாவின் தீவும்

முஸ்லிம்களின் கடல் வரலாறு ஒரு பெண்மணியின் வேண்டுதலோடு தொடங்குகிறது. உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரலி) அவர்களின் இல்லத்தில் உறங்கி எழுந்த நபி (ஸல்) அவர்கள் புன்னகைத்தார்கள். தம் சமுதாயத்தார் சிலர், அரியணையில் அமர்ந்த மன்னர்களைப் போலக் கடல் மீது செல்வது தமக்குக் காட்டப்பட்டதாகக் கூறினார்கள். அவர்களுள் ஒருவராகத் தாமும் இருக்கப் பிரார்த்திக்குமாறு உம்மு ஹராம் வேண்டினார்கள். அண்ணலாரும் அவ்வாறே பிரார்த்தித்தார்கள். இச்செய்தியை அனஸ் (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் காண்கிறோம். கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில், ஹிஜ்ரி 28ஆம் ஆண்டளவில் (கி.பி. 649), சிரியாவின் ஆளுநராக இருந்த முஆவியா (ரலி) அவர்கள் சைப்ரஸ் தீவுக்குக் கப்பற்படை நடத்தினார்கள். தம் கணவர் உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்களுடன் அதில் சென்ற உம்மு ஹராம், வாகனத்திலிருந்து தவறி விழுந்து அங்கேயே உயிர் துறந்தார்கள். சைப்ரஸின் லார்னகா நகருக்கு அருகில், உப்பு ஏரியின் கரையில், அவர்களுடைய அடக்கத்தலமாகப் போற்றப்படும் இடமும் பள்ளிவாசலும் இன்றும் உள்ளன.

அங்கிருந்து மேற்கே சென்றால் மால்டாவும் அதன் துணைத் தீவுகளும் வருகின்றன. ஒரு நாள் படகுப் பயணத்துக்குப் பெயர் பெற்ற இடங்கள் அவை. மால்டாவிலிருந்து புறப்படும் படகுகள் கோஸோவையும், இடையில் கிடக்கும் சிறு தீவான கொமினோவையும் சுற்றி வருகின்றன. அரபு பயின்ற ஒருவர் அப்படகில் அமர்ந்து ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே போதும். அது அவருக்கு ஒரு மொழிப்பாடம் ஆகிவிடும். பழைய தலைநகர் 'இம்தினா' நம் மதீனா என்னும் சொல்லே. துறைமுகப் பகுதி 'மர்ஸா'. அரபியிலும் துறைமுகம் மர்ஸாதான். கொமினோவை அவர்கள் தம் மொழியில் 'கெம்மூனா' என்கின்றனர். அது சீரகத்தைக் குறிக்கும் 'கம்மூன்'. தெற்கே கடலில் தனித்து நிற்கும் ஒரு சிறு பாறைத்தீவின் பெயர் 'ஃபில்ஃப்லா'. மிளகைக் குறிக்கும் 'ஃபில்ஃபில்' என்பதிலிருந்து அது வந்ததாகக் கூறுவர். கி.பி. 870இல் அக்லபியர் கைப்பற்றிய தீவுக்கூட்டம் இது. 1091இல் நார்மன்களிடம் சென்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். மக்கள் கிறிஸ்தவர்களாக வாழ்ந்தும், இறைவனை இன்றும் 'அல்லா' என்றே அழைக்கின்றனர். தங்கள் தவக்காலத்தை 'ரன்தான்' என்கின்றனர்.

கோஸோவின் அருங்காட்சியகத்தில் ஒரு கல்லறைக் கல் உள்ளது. 1174ஆம் ஆண்டு இறந்த மைமூனா என்னும் பெண்ணின் கல் அது. ரோமானியர் காலத்துப் பளிங்குக் கல்லொன்றின் பின்புறத்தில் கூஃபி எழுத்தில் அழகாகப் பொறித்துள்ளனர். நார்மன்கள் வென்று 80 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், ஒரு முஸ்லிம் குடும்பம் தன் மகளின் பிரிவை அரபியில் கல்லில் எழுதி வைக்கும் நிலையில் இருந்தது என்பதை அதிலிருந்து அறிகிறோம். ஆட்சி மாறியது ஒரு நாளில். வாழ்க்கை மாறியது பல தலைமுறைகளில். இந்தக் காலகட்டத்தில்தான் நம் கேள்விக்கு விடை தரும் பயணி ஒருவர் அவ்வழியே வருகிறார்.

மெஸ்ஸினாவின் இரவு

ஸ்பெயினின் கிரனடாவிலிருந்து 1183ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், ஜெனோவாக்காரர்களின் கப்பலில் ஏறி, சார்டினியா, சிசிலி, கிரீட் ஆகிய தீவுகளைக் கடந்து 30 நாள்களில் அலெக்சாந்திரியாவை அடைந்தார். திரும்பும் வழி அத்தனை எளிதாக அமையவில்லை. 1184 இலையுதிர்காலத்தில் அக்கா துறைமுகத்திலிருந்து கிளம்பிய பெருங்கப்பலில், அவர் மதிப்பீட்டின்படி, 2,000க்கும் மேற்பட்ட கிறிஸ்தவ யாத்திரிகர்கள் இருந்தனர். முஸ்லிம்கள் சிறு கூட்டம். எதிர்க்காற்றிலும் புயலிலும் இரண்டு மாத அளவு அலைந்த கப்பல், டிசம்பரில், சிசிலிக்கும் இத்தாலிக்கும் இடைப்பட்ட மெஸ்ஸினா நீரிணையில் இரவு நேரத்தில் கரைமோதி உடைந்தது. அது ரமலான் மாதம்.

விடிந்ததும் கரையிலிருந்து சிறு படகுகள் வந்தன. படகோட்டிகள் ஆளுக்கு இவ்வளவு என்று கூலி கேட்டனர். பணம் உள்ளவர் இறங்கினர். இல்லாத ஏழை முஸ்லிம்கள் உடைந்த கப்பலிலேயே நின்றனர். அந்நகருக்கு அப்போது வந்திருந்த சிசிலி மன்னர் இரண்டாம் வில்லியம், கப்பலைப் பார்க்கத் தாமே வந்தார். நின்றவர்களைக் கண்டு காரணம் கேட்டறிந்து, அவர்களைக் கரையேற்ற 100 ருபாயீ நாணயங்கள் கொடுக்கும்படி ஆணையிட்டார். மன்னர் மட்டும் அங்கு இல்லாதிருந்தால், கப்பலிலிருந்த பொருள் முழுவதும் சூறையாடப்பட்டு, முஸ்லிம்கள் அடிமைகளாகியிருப்பர். அதுவே அவ்விடத்து வழக்கம் என்று இப்னு ஜுபைர் எழுதுகிறார்.

இந்தக் குறிப்பை நாம் இரண்டு காரணங்களுக்காக மதிக்கிறோம். சிலுவைப்போர்க் காலத்தில் வாழ்ந்த இப்னு ஜுபைர், சிலுவை ஆட்சியாளர்களைக் கடுஞ்சொற்களால் குறிப்பிடுபவர். அத்தகையவர் அம்மன்னரின் இரக்கத்தை மறைக்கவில்லை. தொகையோடு பதிந்து வைத்தார். வரலாற்றாசிரியனுக்கு வேண்டிய நேர்மை இது. இரண்டாவதாக, அன்றைய கடற்கரைகளின் பொது வழக்கம் என்ன என்பதை இக்குறிப்பு காட்டிவிடுகிறது. உடைந்த கப்பல் கரைக்குக் கிடைத்த கொள்ளை. அதில் வந்த மனிதனும் கொள்ளையே. இவ்வழக்கத்தின் கொடுமையை உணர்ந்தே, 1179இல் ரோமில் கூடிய திருச்சபைப் பேரவை, கப்பலுடைந்த கிறிஸ்தவர்களைக் கொள்ளையிடுவோரைச் சபைநீக்கம் செய்யும் என்று விதித்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பும் தம் சமயத்தாருக்கே அளிக்கப்பட்டது. மெஸ்ஸினாவில் ஏழை முஸ்லிம்களைக் காத்தது எழுதப்பட்ட சட்டம் ஒன்றும் அல்ல. தற்செயலாக அங்கிருந்த ஒரு மன்னரின் மனம். மன்னர் இல்லாத இரவுகளில் வந்து மோதிய கப்பல்களின் கதை எவராலும் எழுதப்படவில்லை.

நயினாதீவின் கல்

இதே ஆண்டுகளில் நம் கடலில் என்ன நடந்தது? பாக்கு நீரிணையின் தெற்குக் கரைக்கு வருவோம். யாழ்ப்பாண நகரிலிருந்து கடலூடே இடப்பட்ட தாம்போதி வழியாக வேலணை, புங்குடுதீவு ஆகியவற்றைக் கடந்தால் குறிகட்டுவான் துறை வரும். அங்கிருந்து நயினாதீவு கண்ணுக்கெட்டிய தொலைவு. நெடுந்தீவுக்குச் செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். காலையில் புறப்பட்டால் இரண்டையும் பார்த்து மாலையில் திரும்பிவிடலாம். நெடுந்தீவில் பவளக் கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகளும், ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்து மேய்ச்சல் நிலத்தில் தாமாகத் திரியும் மட்டக் குதிரைகளும், ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்க மரமும் பயணிகளைக் கவர்கின்றன. அடிமரம் பருத்த அம்மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்பது இலங்கையின் வடபுலத்தில் வழங்கும் செவிவழிச் செய்தி. மன்னார்த் தீவின் பெருக்க மரத்தைப் பற்றியும் அவ்வாறே சொல்வர்.

நயினாதீவுக்குச் செல்வோர் நாகபூசணி அம்மன் கோயிலையும் பௌத்த விகாரையையும் கண்டு திரும்புகின்றனர். கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டை நின்று படிப்பவர் மிகச் சிலரே. பொலன்னறுவையிலிருந்து இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) சாசனம் அது. சிங்கள மன்னரின் ஆணை, ஆனால் தமிழில் பொறிக்கப்பட்டது. வந்து இறங்குவோருக்கும் அவர்களோடு வணிகம் செய்வோருக்கும் விளங்கும் மொழி தமிழே என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. முற்பகுதி சிதைந்துபோன அக்கல்லில், எஞ்சிய வரிகளின் கருத்து இதுதான். பிற நாடுகளிலிருந்து வரும் வணிகர் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். பல துறைகளிலிருந்தும் அயலார் அங்கே வந்து கூட வேண்டும். மன்னருக்காக யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால், காற்பங்கு அரசுக் கருவூலத்துக்கும் முக்காற்பங்கு கப்பலுக்குரியவருக்கும் சேரும். பிற சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி அரசுக்கு, சரிபாதி உரியவருக்கு.

ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. போர்த்துகீசியர் அதனை யானைகளின் துறை என்று தம் மொழியில் அழைத்தனர். 'கயிட்ஸ்' என்னும் ஆங்கில வழக்குப் பெயர் அதிலிருந்து வந்தது. பராக்கிரமபாகுவின் காலத்தில் குதிரை என்றால் பெரும்பாலும் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து வருவது. அவ்வணிகத்தில் முஸ்லிம்கள் முதன்மை பெற்றிருந்தனர். ஆகவே சாசனம் குறிக்கும் அயல்நாட்டு வணிகரில் நம் முன்னோடிகளும் இருந்திருப்பர் என்று கொள்வதில் பிழையில்லை.

காலத்தை எண்ணிப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகிறோம். பராக்கிரமபாகு இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் இப்னு ஜுபைரின் கப்பல் மெஸ்ஸினாவில் உடைந்தது. அங்கே ஒரு மன்னரின் இரக்கம் காத்தது. இங்கே ஒரு கல் காத்தது. இரக்கம் மன்னரோடு போய்விடும்; கல்லில் எழுதியதை அடுத்து வரும் அதிகாரியும் படிக்க வேண்டும். எனினும் மிகைப்படுத்திப் புகழவும் வேண்டியதில்லை. பாதிச் சரக்கை இழந்த வணிகனுக்கு அது சிறு இழப்பன்று. யானையும் குதிரையும் வரும் கப்பலுக்குச் சலுகை கூடுதலாக இருப்பதில் அரசனின் படைத்தேவையும் தெரிகிறது. ஆனால் 'எல்லாம் எனக்கே' என்ற இடத்தில் 'இவ்வளவே எனக்கு' என்று ஓர் அரசு தன் கைக்குத் தானே எல்லை வகுத்ததே இதில் நாம் காணும் சிறப்பு. உடைந்த கப்பலின் மனிதனைப் பொருளாகக் கருதும் பேச்சும் அக்கல்லில் இல்லை.

மோட்டுப்பள்ளியும் கோழிக்கோடும்

அடுத்த நூற்றாண்டில் இந்த எல்லை மேலும் சுருங்குவதைக் காண்கிறோம். இன்றைய ஆந்திரக் கடற்கரையில் உள்ள மோட்டுப்பள்ளியில், காகத்திய மன்னர் கணபதி தேவர் 1244ஆம் ஆண்டையொட்டி ஓர் அபய சாசனம் பொறித்தார். புயலால் திசைமாறி ஒதுங்கும் கப்பல்களின் சரக்கு முழுவதையும் முன்னிருந்த மன்னர்கள் பறித்துக்கொண்டனர். உயிரைப் பணயம் வைத்துப் பொருள் ஈட்டும் கடல் வணிகரிடம், குறித்த சுங்கம் ஒன்றைத் தவிர வேறெதையும் நாம் கொள்ளமாட்டோம் என்பது அதன் சாரம். இரக்கத்தையும் புகழையும் அறத்தையும் அச்சாசனம் காரணமாகக் காட்டுகிறது. வணிகர் வருகை பெருகும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். அறமும் ஆதாயமும் ஒரே திசையில் செல்லும்போது மன்னர்கள் விரைந்து நடப்பது இயல்பு.

மலபாரின் செய்தியை நமக்குத் தருபவர் இப்னு பதூதா. 1342ஆம் ஆண்டையொட்டி, சீனாவுக்குத் தூது செல்லும் பொறுப்போடு அவர் கோழிக்கோட்டில் இருந்தபோது, புயலில் பெருங்கப்பல் ஒன்று கரையில் மோதிச் சிதறியது. அதிலிருந்தோர் மாண்டனர், மறுநாள் உடல்கள் கரை ஒதுங்கின. அவ்வேளையில் நகரின் மன்னரே கடற்கரையில் நின்றதையும், ஒதுங்கிய பொருள்களை மக்கள் அள்ளிச் செல்லாதவாறு அவருடைய காவலர் அடித்து விரட்டியதையும் அவர் எழுதுகிறார். மலபாரின் ஏனைய இடங்களில் உடைந்த கப்பலின் பொருள் கருவூலத்துக்குச் சேரும்; இந்நகரில் மட்டும் உரியவருக்கே திருப்பித் தரப்படும்; அதனாலேயே இந்நகர் செழித்தது, வணிகர் திரண்டனர் என்பது அவருடைய கூற்று. ஒரு துறைமுகத்தின் வளர்ச்சிக்கு அவர் சொல்லும் காரணம் மிளகன்று, நம்பகம்.

இப்னு பதூதாவின் சொந்த வாழ்விலும் தீவுகளும் கரைகளும் மாறிமாறி நடந்துகொண்டன. 1344இல் அவர் இலங்கையிலிருந்து மஅபருக்கு, அதாவது நம் தமிழகக் கரைக்கு, வரும்போது கப்பல் ஆழமற்ற இடத்தில் மோதியது. தம்முடன் வந்தோரை முதலில் மிதவையில் அனுப்பிவிட்டு, கப்பலின் பின்பகுதியில் இரவைக் கழித்தார். விடியற்காலையில் படகில் வந்து அவரைக் கரை சேர்த்தவர்கள் இவ்வூர் மக்கள், முஸ்லிம் அல்லாதவர்கள். பின்னர்தான் மதுரை சுல்தானுக்குச் செய்தி சென்றது. மறு ஆண்டு மேற்குக் கடற்கரையில் ஒரு சிறு தீவருகே கடற்கொள்ளையர் அவரைச் சூழ்ந்து, இலங்கை மன்னர் அளித்த மணிகள் உட்பட உடுத்த உடை நீங்கலாக யாவற்றையும் பறித்தனர். 1349இல் தூனிஸிலிருந்து கட்டலான் கப்பலில் சென்றபோது சார்டினியா தீவில், தீவினர் தம்மைப் பிடிக்கத் திட்டமிடுவதாக அஞ்சி, தப்பினால் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்பதாக நேர்ந்துகொண்டார். ஒரே மனிதருக்கு ஒரு கரை தாயாகவும் ஒரு தீவு பகையாகவும் இருந்தது. கடல் எங்கும் ஒன்றே. வேறுபாடு கரையில் நின்றவரிடம் இருந்தது.

ஃபிக்ஹின் தீர்ப்பு

கடலோரத் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ வழியினர். உள்நாட்டில் வாழ்வோர் பெரும்பாலும் ஹனஃபி வழியினர். கண்டாச்சிபுரம் போன்ற, பாறைக் குன்றுகள் சூழ்ந்த விழுப்புரம் மாவட்டத்து ஊர்களிலிருந்து அரபுக் கல்லூரிக்கு வரும் மாணவரில், அதுவரை கடலையே பார்த்திராதவர் உண்டு. 'லுகதா' என்னும் கண்டெடுத்த பொருள் பற்றிய பாடத்திலும், வாடகை, இழப்பீடு பற்றிய பாடங்களிலும் கப்பல் வரும்போது, இது நமக்கு எதற்கு என்ற வினா அவர்கள் முகத்தில் தெரியும். அந்தச் சட்டங்கள் நடுக்கடலின் அச்சத்தில் பிறந்தவை என்பதை வரலாற்றோடு சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும்.

மத்தியதரைக் கடலின் முஸ்லிம் துறைமுகங்களில் எழுந்த வழக்குகளுக்கு மாலிக்கி அறிஞர்கள் அளித்த தீர்ப்புகள், பத்தாம் நூற்றாண்டிலேயே 'அக்ரியத்துஸ் ஸுஃபுன்' என்ற பெயரில், கப்பல் வாடகை பற்றிய தனி நூலாகத் தொகுக்கப்பட்டன. புயலில் கப்பலைக் காக்கச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த இழப்பு எறியப்பட்டவரின் தலையில் மட்டும் விழாது. சரக்கு தப்பிய வணிகரும் தத்தம் அளவுக்கு அதனை ஏற்க வேண்டும் என்பது அதில் பேசப்படும் முதன்மையான நெறி.

உடைந்த கப்பலின் பொருள் குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உரியவர் நம்பிக்கை இழந்து கைவிட்டதை மூழ்கி எடுப்பவருக்கே அது சேரும் என்று முற்காலத்து அறிஞர் சிலர் கூறினர். ஹன்பலி வழியில், மீட்டுத் தந்தவருக்கு உரிய கூலி உண்டு. ஷாஃபிஈ வழியிலோ, அலை எறிந்ததால் உடைமை உரிமை நீங்குவதில்லை, பொருள் உரியவருடையதே. பாதி, கால் என்று அரசுக்குப் பங்கு இல்லை, சுங்கமும் இல்லை. சிசிலியின் கடற்கரையிலிருந்து நயினாதீவு, மோட்டுப்பள்ளி, கோழிக்கோடு என நாம் ஏறிவந்த படிகளின் உச்சியில் இத்தீர்ப்பு நிற்கிறது. முஸ்லிம் கரைகள் யாவும் இதன்படி நடந்தன என்று நாம் கூறமாட்டோம். மத்தியதரைக் கடலில் மனிதரைப் பிடித்து விற்ற கப்பல்கள் இரு தரப்பிலும் இருந்தன. வட ஆப்பிரிக்கத் துறைமுகங்களின் அடிமைச் சந்தைகள் வரலாற்றில் மறைக்க இயலாதவை. நூலில் உள்ள நீதிக்கும் கரையில் நடந்ததற்கும் இடையே உள்ள தொலைவை ஒப்புக்கொள்வது நூலுக்கு இழுக்காகாது.

பொருளை விட உயிர் பெரிது. தண்ணீரில் மூழ்குபவனைக் காண்கிறவர் தொழுகையில் இருந்தாலும் அதை விட்டுச் சென்று காக்க வேண்டும். நோன்பை முறித்தால்தான் காக்க முடியும் என்றால் நோன்பை முறிக்க வேண்டும். ஷாஃபிஈ வழியின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ், மறைவு 1262) இதனை நன்மைகளுக்கு இடையிலான முன்னுரிமைக்கு எடுத்துக்காட்டாகவே வைத்துள்ளார்கள். தொழுகையைப் பிறகு நிறைவேற்றலாம். போன உயிரைத் திருப்ப முடியாது. மூழ்குபவனின் சமயம் என்ன, அவனிடம் அனுமதிச் சீட்டு உண்டா என்று அந்தத் தீர்ப்பு காத்திருப்பதில்லை. மூழ்கி இறந்தவருக்கு ஷஹீதின் நன்மை உண்டு என்ற நபிமொழியையும் இங்கு நினைவுகூர்வது தகும்.

அதே கடல், அண்மைக்காலம்

இந்தக் கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. நாம் சுற்றிவந்த அதே தீவுகளில், நம் வாழ்நாளிலேயே அது மீண்டும் மீண்டும் எழுந்தது. 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட 'குமுதினி' படகில் சென்ற பயணிகள் 20க்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் பெண்களும் அவர்களுள் அடங்குவர். 1990 அக்டோபரில், விடுதலைப்புலிகளின் ஆணைப்படி, வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் பலர் வீட்டையும் தோட்டத்தையும் துறந்து, மீன்பிடிப் படகுகளில் ஏறித் தெற்கே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். புத்தளம் வட்டாரத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோப்புகளையும் அவர்களுக்குத் திறந்துவிட்டனர். இப்னு பதூதா ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராகத் தங்கிய கரையும் அதுவே. 2009இல் போர் முடிந்த பின்னர் ஒரு பகுதியினர் வடக்கே திரும்பினர். பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டனர்.

வடக்குக் கரையில் தனுஷ்கோடிக்கு அப்பால், கடலில் வரிசையாகக் கிடக்கும் மணல் திட்டுகள் உள்ளன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர், சுற்றுலாப் பயணிகள் அரிச்சல்முனை வரை சென்று, இரு கடல்கள் சேரும் காட்சியைப் பார்த்துத் திரும்புகின்றனர். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்த பல்லாயிரம் தமிழர்களுக்கு அது வேறு வகையான இடம். படகோட்டிகள் இரவில் அவர்களைத் திட்டுகளில் இறக்கிவிட்டு மறைந்துவிடுவர். குடிநீரும் நிழலும் இல்லாத மணலில் விடியும் வரை நின்றனர். 2022இல் இலங்கை பொருளாதாரச் சரிவில் சிக்கியபோதும் அதுவே நிகழ்ந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் கைக்குழந்தையோடு திட்டில் நின்ற குடும்பத்தாரைக் கடலோரக் காவற்படையினர் மீட்டுக் கரை சேர்த்தனர்.

மத்தியதரைக் கடலிலும் நிலைமை வேறன்று. துருக்கியின் போத்ரும் நகரிலிருந்து கிரேக்கத் தீவான கோஸுக்கு உல்லாசப் படகுகள் நாள்தோறும் செல்கின்றன. 2015 செப்டம்பரில் அதே நீரில்தான் சிரியக் குழந்தையொன்றின் உடல் கரை ஒதுங்கி உலகை உலுக்கியது. 2013 அக்டோபர் 3ஆம் நாள் அதிகாலையில், சிசிலிக்குத் தெற்கே உள்ள லம்பெடூஸா தீவருகே அகதிகளை ஏற்றிய படகு எரிந்து மூழ்கியதில் 368 பேர் இறந்தனர், பெரும்பாலோர் எரித்திரியர். உயிர் தப்பிய 155 பேரில் 47 பேரைக் காத்தது அரசுக் கப்பல் அன்று. விடுமுறையைக் கழிக்க முந்தைய இரவே படகில் சென்று கடலில் தங்கியிருந்த எட்டு நண்பர்கள், விடியலில் கேட்ட ஓலத்தை முதலில் கடற்பறவைகளின் ஒலி என்று எண்ணினர். அருகே சென்றபோது மனிதத் தலைகளைக் கண்டனர். தம் சிறு படகு தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொருவராக இழுத்து ஏற்றினர். உல்லாசத்துக்குச் சென்ற படகு அன்று செய்த பணி அது.

இந்நிகழ்வுகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலனாகிறது. காலந்தோறும் மூன்று வகையான கரைகள் இருந்துள்ளன. கொள்ளையிட்ட கரைகள், பங்கு கேட்ட கரைகள், கை கொடுத்த கரைகள். மூன்றாம் வகையில் சிசிலி மன்னரும், தமிழகக் கடற்கரையின் பெயர் தெரியாத படகோட்டிகளும், கோழிக்கோட்டு மன்னரும், புத்தளத்து மக்களும், லம்பெடூஸாவின் நண்பர்களும் ஒன்றாக நிற்கின்றனர். சமயமோ மொழியோ அவர்களை ஒன்று சேர்க்கவில்லை. நம் வரலாற்றை எழுதுவோர் வள்ளல்களையும் வணிகர்களையும் ஆலிம்களையும் பதிந்த அளவுக்கு, அவர்களை ஏற்றிவந்த படகோட்டியையும், அவர்கள் கப்பல் உடைந்தபோது கரையில் விளக்கேந்தி நின்றவனையும் பதியவில்லை. கடலோர ஊர்களின் முதியவர்களிடம் இன்னும் எஞ்சியுள்ள செய்திகளைக் கேட்டு எழுதும் பணியை நம் கல்லூரி மாணவர்கள் ஏற்றால், அவ்விடைவெளி ஓரளவேனும் நிரம்பும்.

நயினாதீவுக்குச் செல்லும் நம் வாசகர் அந்தக் கல்லின் முன் சற்று நேரம் நிற்கலாம். எழுத்துகள் தேய்ந்துள்ளன, எனினும் அது தமிழே. வெளியூரான் வந்து இறங்கும்போது அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் மொழியில் ஓர் ஆணை பிறந்ததை அங்கே காணலாம். அன்று அம்மன்னர் அரசுக்குப் பாதி என்று எழுதினார். நாம் பின்பற்றும் ஷரீஅத் முழுவதையும் உரியவருக்கே என்றது. உயிரைக் காப்பதைத் தொழுகைக்கும் முன்னே வைத்தது. அந்தத் தீர்ப்புக்குத் தகுதியானவர்களாக நம் கரைகளில் நாம் நடந்துகொள்ள வல்ல நாயன் அருள்புரிவானாக.